பத்து மீற்றர் தூரத்தில் பவளராணி

துவக்குச் சுடப் பழக்குகிற தொழிலில் கடினமான பகுதி துவக்கு அல்ல, வாசல். உள்ளே வந்துவிட்டவருக்கு மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்போது வைப்பது என்றெல்லாம் ஒரு கிழமையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒருவர் இழுத்து வர, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறாரே மற்றவர், அவரை உள்ளே எடுப்பதற்கு எந்தக் கைந்நூலிலும் வழி சொல்லப்படவில்லை. மனைவிக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியவர்கள், கணவனுக்கு நீந்தப் பழக்கியவர்கள், வீட்டில் ஒருவருக்கு மட்டும் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவரின் முகத்தைப் பார்த்தபடி இருப்பவர்கள், உங்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும்.

நான் ஓய்வு பெற்ற நில அளவையாளன். வேலைக்காலம் முழுவதும் கொழும்பில். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை ஒரு துளையில் வைத்துத் தூரத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் சனிக்கிழமைகளில் ஒரு சுடுகழகத்துக்குப் போய் அதையே பொழுதுபோக்காகவும் செய்ததில் அதிசயம் இல்லை. ஊருக்குத் திரும்பிய பின், உடுவிலில் வெங்காயம் வைக்கிற நீளக் கொட்டில் ஒன்றைத் துப்புரவாக்கி, வேண்டிய அனுமதிப் பத்திரங்களை எல்லாம் எடுத்துச் சுவரில் மாட்டி, காற்றுத் துவக்குச் சுடும் மண்டபம் ஆக்கினேன். காற்றின் அழுத்தத்தில் சின்ன ஈயச் சன்னம் ஒன்று பறந்து போய்க் கடதாசி அட்டையில் துளை போடும். அவ்வளவுதான் விளையாட்டு. சுடுபவர் நிற்கும் கோட்டில் இருந்து அட்டை வரைக்கும் பத்து மீற்றர். அது நான் அளந்த பத்து மீற்றர், ஆகவே பத்து மீற்றரேதான். துவக்கு, துப்பாக்கி என்ற இரண்டும் ஒரே துருக்கிச் சொல்லின் பிள்ளைகள் என்று முதல் வகுப்பில் சொல்வேன். இதுவரை ஒருவரும் குறிப்பெடுத்ததில்லை.

வெளியில் இருத்தப்பட்ட விரிவுரையாளர்

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் இருந்து ஒரு பௌதிகவியல் விரிவுரையாளர் வந்து பழகினார். இரண்டாம் மாதம் மனைவியையும் கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்கு வர விருப்பமே இருக்கவில்லை என்பது கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. நான் துவக்கை மேசையில் வைத்தேன். வாய் திறக்குமுன் கணவர் பின்னால் நின்று தொடங்கிவிட்டார். "தோளை விடும். மூச்சை எடும். உவ்வளவு இல்லை, பாதியை விடும். சன்னம் நேர்கோட்டிலை போறேல்லை, அது ஒரு பரவளைவு, விளங்குதே?"

விளங்க விளங்க அந்த அம்மாவின் தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டு போனது. ஐந்து சன்னங்களில் ஒன்றுகூட அட்டையைக் காணவில்லை. ஒன்று மட்டும் என் அனுமதிப் பத்திரத்தின் சட்டத்தைக் கண்டது. அவர் துவக்கை முறைப்படி மேசையில் வைத்து, கணவரைத் திரும்பியும் பார்க்காமல், மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்: "மாஸ்ரர், துவக்கிலை ஒரு பிழையும் இல்லை. இவரைக் கொஞ்சம் வெளியிலை இருத்தேலுமே?"

படலை வரைக்கும் தேத்தண்ணி

அன்று பின்னேரமே சுவரில் ஒரு சட்டம் எழுதினேன். "துணையைத் துணை பழக்கக்கூடாது. ஒருவர் பழகும்போது மற்றவர் வெளியில் இருக்கவேண்டும்." வரைபடத்தில் எழுதுகிற என் எழுத்தில், இரண்டு வரி. வெளியே முருங்கை மரத்தடியில் இருப்பதற்கு ஒரு வாங்கும் போட்டேன். சட்டம் அருமையாக வேலை செய்தது. கணவன்மார் வாங்கில் இருக்க மனைவிமார் பத்தாம் வளையத்தில் துளை போட்டார்கள். மனைவிமார் வாங்கில் இருந்தபோது கணவன்மாரும் ஓரளவுக்குச் சுட்டார்கள்.

என் வீட்டில்தான் சட்டத்துக்கு வேலை இருக்கவில்லை, பழக ஆள் இல்லாததால். என் மனைவி பவளராணி நாலு மணிக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு சைக்கிளில் வருவாள். படலையைத் தாண்ட மாட்டாள். போத்தலைத் தூணில் வைத்து, மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நான் மூன்று வருடம் கேட்டேன். முதுகு நிமிரும் என்றேன். இருவரும் சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டாமா என்றேன். காற்றுத் துவக்கின் ஒலி எவ்வளவு சிறியது என்பது பற்றி ஒரு விளக்கவுரையும் நிகழ்த்தினேன். அவள் பயித்தங்காயை முறித்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசிக் காயையும் முறித்து முடித்த பிறகு சொன்னாள்: "நீங்கள் சுடுங்கோ. எனக்கு முந்திக் கேட்ட சத்தமே காணும்."

நிலத்தில் படுத்தவர்கள்

குருநகரில் படகு இயந்திரம் திருத்துகிற சேவியர் என்னிடம் பழகியவர்களில் கெட்டிக்காரன். ஐம்பது வயது. ஒரு வருடத்திலேயே எனக்கு உதவியாளனாகிவிட்டான். முதல் நாள் நான் சுட்டுக் காட்டியபோது தலையைச் சரித்துக் கேட்டு, "மாஸ்ரர், இது துவக்கில்லை, துவக்கு தும்முறது" என்றவன். இங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் காதாலேயே ஆயுதத்தின் பெயர் சொல்லத் தெரியும். அந்தப் பாடத்தில் நான் மிகவும் பின்தங்கிய மாணவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எட்டுப் பேர் நின்றோம். ஒழுங்கையில் வெங்காயம் ஏற்றிப் போன உழவு மெசினின் ரயர் வெடித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஐந்து பேர் நிலத்தில் கிடந்தார்கள். சும்மா விழுந்து கிடக்கவில்லை, முறையாகக் கிடந்தார்கள். முழங்கையை ஊன்றி, நெஞ்சு சீமெந்தில் படாமல், விரல் காதுக்குள், குண்டு அதிர்ச்சிக்காக வாய் திறந்தபடி. நின்றவர்கள் மூன்று பேர்: யுத்தம் முடிந்தபின் வளர்ந்த இரண்டு கம்பஸ் மாணவர்கள், அறுபது தாண்டிய நான். சேவியர் படுப்பதற்கு முன் துவக்கை மேசையில் வைத்து, குழல் குறியைப் பார்க்கும்படி விட்டிருந்தான். பாதுகாப்பு விதியை அந்த வேளையிலும் கைவிடாததற்கு அவனைப் பாராட்ட வாயெடுத்தேன். அவன் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு, நேராக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தான். குத்திக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டான்: "மாஸ்ரர், நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?"

பலகார அறை

நான் கொழும்பில் இருந்தேன். பவளராணி இங்கே இருந்தாள், எங்கள் மகள் அபிராமியோடு, வீட்டுக்குப் பின்னால் தானே ஆள் பிடித்து வெட்டுவித்த பங்கருக்குள். "இஞ்சை பரவாயில்லை" என்று கடிதம் எழுதுவாள். நான் நம்புவேன். நம்புவது வசதியாக இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே நான் சுட்டுக்கொண்டிருந்தேன். இங்கே அவள் படுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கை அவள் ஒருநாளும் எனக்குச் செய்து காட்டவில்லை. சேவியரின் கேள்விக்குப் பிறகு நானே செய்து பார்த்துக்கொண்டேன். அதோடு அவளை வரச்சொல்லிக் கேட்பதையும் நிறுத்தினேன்.

போன வருடம் அவளுடைய தம்பி மகளின் கலியாணம். ஆலாத்தி எடுக்கப் பவளராணியும் வாசலில் நின்றாள். மாப்பிள்ளையின் கார் வந்து நிற்க, சொல்லாமல் கொள்ளாமல் சீனவெடிக் கட்டைக் கொழுத்திவிட்டார்கள். ஆலாத்தித் தட்டு மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில். பவளராணி வரவேற்பு மேசைக்குக் கீழே. சனம் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது. இந்த ஆவணியில் எங்கள் அபிராமியின் கலியாணம். பண்டத்தரிப்பில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் பெரிய வெடிக்கட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். வேண்டாமென்று நான் கதைக்கிறேன் என்றேன். "எனக்காக ஒருத்தரும் ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம்" என்றாள் பவளராணி. "என்ரை பிள்ளைக்கு மாப்பிள்ளை வந்து இறங்கேக்கை நான் வாசலிலை நிக்கவேணும். அவ்வளவுதான்." அப்போது என் அக்கா, உண்மையிலேயே நல்ல மனதோடு, ஒரு தீர்வு சொன்னார்: "அந்த அஞ்சு நிமிசத்துக்குப் பவளம் உள்ளுக்குப் பலகார அறையிலை இருக்கட்டும். நாங்கள் கதவைச் சாத்தி விடுறம்."

சட்டத்தின் முன்

அடுத்த நாள் நாலு மணிக்கு மணி அடிக்கவில்லை. சைக்கிள் படலையைத் தாண்டி உள்ளே வந்து முருங்கையில் சாய்ந்தது. பவளராணி செருப்பைக் கழற்றி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து, மண்டபத்துக்குள் வந்தாள். நீங்களே யோசித்துப் பாருங்கள், மூன்று வருடம் காத்திருந்த ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வான்? இருப்பதிலேயே பாரம் குறைந்த துவக்கை எடுத்துத் துடைத்தேன். "பவளம், முதலிலை நிக்கிற முறை. பாதம் இரண்டுக்கும் இடையிலை தோளளவு தூரம்..."

அவள் என்னைக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுச் சுவரில் இருந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"உது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். அப்ப வெளியிலை போங்கோ."

ஓம்

முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டிப் புழு இருக்கும் என்பதை வாங்கு போடும்போது நான் யோசித்திருக்க வேண்டும். அங்கே இருந்தபடி முதல் வெடியைக் கேட்டேன். உள்ளே உதவிக்கு நின்ற சேவியர் சுட்டது. தொடர்ந்து, சீமெந்தில் ஒரு ஆள் படுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை இப்போது எனக்கும் காதால் பெயர் சொல்லத் தெரியும். எழும்பினேன். சட்டம் என்னுடையது என்பது ஞாபகம் வர, திரும்ப இருந்தேன். உள்ளே இருவரும் கனநேரம் தணிந்த குரலில் கதைத்தார்கள். பிறகு பவளராணியின் குரல்: "ஓம்." உடனே ஒரு வெடி. பிறகு அமைதி. மணிக்கூட்டைப் பார்த்தேன், பழக்க தோஷம். நாலு நிமிடம் கழித்து இன்னொரு "ஓம்", இன்னொரு வெடி. சேவியர் கண்டுபிடித்த முறை அது. அவள் ஓம் என்று சம்மதம் சொல்லும் வரைக்கும் அவன் சுடமாட்டான். அவள் அரை மணித்தியாலம் சொல்லாவிட்டால் அரை மணித்தியாலமும் துவக்கைப் பிடித்தபடி நிற்பான். நான் முப்பது பக்கத்தில் எழுதி வைத்திருந்த பாடத்திட்டத்தில் அது இல்லை.

நாலாம் கிழமை துவக்கு அவள் கைக்குப் போனது. மணல்மூட்டையில் குழலைச் சாய்த்து, தனக்குத் தானே ஓம் சொல்லி, தானே சுட்டாள். அன்றைய அட்டையைச் சேவியர் கொண்டு வந்து தந்தான். ஐந்து துளைகளும் இடது கீழ் மூலையில், ஒரு சின்னக் காசால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள். நான் பரவசப்பட்டு, குறிபார்க்கும் பின்துளையை எவ்வளவு திருப்பவேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். "மாஸ்ரர், அக்கா கண்ணை மூடிக்கொண்டெல்லோ சுடுறா" என்றான் சேவியர். வீட்டுக்குச் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போகும்போது, கண்ணைத் திறந்தால் நல்ல புள்ளி எடுக்கலாமே என்று, அளவையாளனுக்கு வரக்கூடிய மிகக்குறைந்த குரலில் கேட்டேன். அவள் சொன்னாள்: "புள்ளி எனக்கு என்னத்துக்கு? இவ்வளவு காலத்திலை என்னைக் கேட்டுட்டு வந்த சத்தம் இது ஒண்டுதான்."

கேட்காமல் வந்த ஒன்று

அதன்பிறகு பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற வெங்காயத் தறைக்கு மாறியது. கிண்டி முடிந்த தறை, வெறும் செம்மண். சேவியர் தூரத்து வேலியடியில் ஒற்றைச் சீனவெடியை வைத்துக்கொண்டு நிற்பான். பவளராணி ஓம் என்றால் கொழுத்துவான். கிழமைக்கு ஒரு பாத்தி கிட்ட வந்தான். இப்போது அவள் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள். நான் வாங்கைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியில் போட்டிருந்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, அவளுடைய சம்மதத்தோடுதான், சேவியர் ஒன்றை அவள் ஓம் சொல்லாமல் கொழுத்தினான். கலியாண வாசலில் ஒருத்தரும் கேட்டுக் கொழுத்தப்போவதில்லை என்பது அவன் நியாயம். அடுத்த கணம் பவளராணி பாத்தி வரம்போடு வரம்பாகக் கிடந்தாள். நான் வேலியைக் கடந்து ஓடிப்போய், சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன். "காணும் பவளம். அக்கா சொன்ன மாதிரி உள்ளுக்கே இரும்." அவள் எழும்பி முகத்தில் ஒட்டிய செம்மண்ணைத் தலைப்பால் துடைத்தாள். அழவில்லை. என்னை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பத்து மீற்றரில் அட்டை தாங்காது. பிறகு சேவியரிடம் கேட்டாள், கலியாணத்தன்று வெடி கொழுத்துவது யார் என்று. மாப்பிள்ளை பகுதிப் பெடியள் என்றான் அவன். "இல்லை," என்றாள் பவளராணி. "அண்டைக்கும் நீர்தான் கொழுத்திறீர். அண்டைக்கும் நான்தான் ஓம் சொல்லுவன்."

மாப்பிள்ளை காரில் இருக்கிறார்

இதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மண்டபத்தின் றப்பர் முத்திரை குத்தி, சேவியரைத் திருமண வெடிப் பாதுகாப்பு அலுவலராக நியமித்து ஒரு கடிதம் எழுதினேன். அப்படி ஒரு பதவி உலகத்தில் எங்கும் இல்லை. மாப்பிள்ளை பகுதிப் பெடியள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, வெடிக்கட்டை மரியாதையாக அவனிடம் ஒப்படைத்தார்கள். வடிவான எழுத்துக்கும் முத்திரைக்கும் எங்கள் ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

கார் வந்து நின்றது. வெடி கொழுத்தி முடியத்தான் மாப்பிள்ளை இறங்குவது அவர்கள் வழக்கம். பவளராணி வாசலில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சேவியர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஊதுபத்தியோடு வெடிக்கட்டின் தலைப்பில் குந்தியிருந்து அவளையே பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்து ஐயர் நேரம் போகுது என்று ஆள் அனுப்பினார். தலைப்பாகைக்குக் கீழே மாப்பிள்ளைக்கு வேர்த்து வடிந்தது. "என்ன சம்பந்தி, வெடி நனைஞ்சு போச்சே?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அக்கா பவளராணியின் கையைப் பிடித்து, "வாரும், உள்ளுக்குப் போவம்" என்றார். அவளுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு நல்ல வசனம் தயாராக இருந்தது. மூச்சைப் பற்றியது. அதை விழுங்கினேன். வெளியில் போக அங்கே வாங்கு இல்லாததால், காரின் பின்பக்கம் போய் நின்றேன்.

பவளராணி பாதங்களைத் தோளளவு அகற்றி வைத்தாள். வாயைச் சற்றுத் திறந்தாள். அது நான் பழக்கியதல்ல. மாப்பிள்ளையை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு, சந்தையில் விலைக்குச் சம்மதிப்பது போன்ற குரலில், "ஓம்" என்றாள். கட்டு முழுவதும் வெடித்தது. புகை விலகியபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கண் திறந்திருந்தது. அக்காவின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. ஆனால் அதை நான் பார்த்தது நிலத்தில் இருந்து. வெடிக்கட்டின் கடைசியில் பெரிய வெடி ஒன்றைக் கட்டுவார்கள் என்பதும், அந்தக் கடைசி காருக்குப் பின்னால்தான் கிடந்தது என்பதும் எனக்குத் தெரியாது. முழங்கையை ஊன்றியிருந்தேன். வாய் தானாகவே திறந்திருந்தது. மாப்பிள்ளை இறங்கி, ஆலாத்தி எடுத்து, எல்லாரும் உள்ளே போகும் நேரம் பவளராணி என்னைத் தேடி வந்தாள். குனிந்து கையை நீட்டினாள். "எழும்புங்கோ," என்றாள். "இப்பத்தான் ஊருக்கு வந்து சேந்திருக்கிறியள் போலை."

எங்கள் மண்டபச் சுவரில் இப்போது இரண்டு சட்டங்கள் இருக்கின்றன: முதலாவதை எழுதியது நான், "பக்கத்தில் நிற்பவர் ஓம் சொன்ன பிறகே சுடவேண்டும்" என்கிற இரண்டாவதைப் பவளராணியும் சேவியரும் என்னை முருங்கை மரத்தடியில் இருத்திவிட்டு எழுதினார்கள்.